ஈயம் உருகிற்று, எழுத்துமா உருக வேண்டும்?

விம்கோ நகர்! தீப்பெட்டித் தொழிற்சாலையொன்று தன் பெயரைத் தந்த ஊர். 2021இல் மெட்ரோ ரயிலும் அங்கே வந்து நின்றது. நிலையத்தின் பெயர் முதல் கடைத்தெருவின் விளம்பரம் வரை, இன்று எழுத்தைத் தருவது கணினி. அந்த எழுத்துக்கு வடிவம் தந்தவர் யார் என்று கேட்போர் எத்தனை பேர்? விடை காண, தெற்கே வேப்பேரிக்கும், அதற்கும் முன்னே தரங்கம்பாடிக்கும் செல்ல வேண்டும்.

1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் கடல் கடந்து தரங்கம்பாடி வந்தன. எழுத்தோ பெரிது, தாளோ அரிது! பாலாடைக்கட்டியை மூடியிருந்த ஈயத் தகட்டை உருக்கி, சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தனர். 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கொணர்ந்த அச்சுப்பொறி, வேப்பேரியில் பாப்ரிசியஸ் கையில் இயங்கியது. பின்னர், சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் சிறிய, தெளிவான எழுத்துகளைக் கொண்டுவந்தார். 67,000 சொற்களுக்கு மேற்பட்ட வின்சுலோ அகராதி 1862இல் அவர் அச்சிட்டதே.

ஆங்கில எழுத்தின் நுனியில் சிறு கோடு நிற்பதைச் செரிஃப் என்பர். தமிழில் அதற்கு இணை, தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடு. பழைய ஈய எழுத்துகளின் அழகு அதில் இருந்தது. கணினி வந்தது, கம்பாசிட்டரின் கை ஓய்ந்தது, ஈயம் உலைக்குச் சென்றது. எஞ்சியவை பழுத்த ஏடுகளில் பதிந்த மைத்தடங்களே!

“அவற்றை ஏன் எழுப்ப வேண்டும்? பழமைக்குத் திரும்பவா?” என்று சீர்திருத்த நண்பர் சினக்கலாம். 1935இல் குடிஅரசு இதழில் பெரியார் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தில், ணா, றா, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் மாற்றத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. சுமையைக் குறைத்த அந்த வெற்றியை இழக்க எவர் ஒப்புவார்? மீட்க வேண்டியது பழைய வழக்கத்தையன்று. பழைய ஏட்டைப் படிக்கும் ஆற்றலை!

1978க்கு முந்திய நூல்களில் மிகப் பல பழைய வடிவில் அச்சானவை. பக்கத்தைப் படமெடுத்துக் கணினியிடம் தந்தால், கொம்பு வளைந்த லையையும் சுழித்த றாவையும் கண்டு அது தடுமாறுகிறது. புதிய எழுத்துருவில் பயின்ற பொறிக்குப் பழைய உருவம் எப்படித் தெரியும்? அவ்வெழுத்துருவை உயிர்ப்பித்தால், அதிலேயே ஆயிரமாயிரம் மாதிரிப் பக்கங்களை ஆக்கி அதற்குப் பாடம் புகட்டலாம். படமாய்க் கிடக்கும் ஏடு, தேடிப் படிக்கத்தக்க நூலாகும்.

வழியும் உண்டு. தெளிவாய் அச்சான பக்கத்தைப் பெரிதாகப் படமெடுக்க வேண்டும். மை பரவிய தடிப்பை நீக்கி, எழுத்தின் உண்மைக் கோட்டை வரைய வேண்டும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி அளக்க வேண்டும். யூனிகோடு முறையில் பழைய றாவுக்கும் புதிய றாவுக்கும் குறியீடு ஒன்றே, வேறுபாடு எழுத்துருவில்தான். ஆகவே வழக்கமாகப் புதிய வடிவம் தோன்றட்டும். ஆய்வாளர் வேண்டும்போது பழையது தோன்றட்டும்! சீர்திருத்தமும் சிதையாது, வரலாறும் மறையாது.

அதற்கு வேண்டுவது மூன்று: நூலகத்தார் ஏட்டைத் திறக்க வேண்டும், எழுத்துரு வல்லார் உழைப்பைத் தர வேண்டும், ஆக்கிய எழுத்துரு விலையின்றி யாவர்க்கும் கிட்ட வேண்டும்.

தீக்குச்சி சிறிது, அது ஏற்றும் விளக்கோ பெரிது. தீப்பெட்டியின் பெயரைத் தாங்கிய ஊர் அறியாததா இது? ஓர் எழுத்துருவை ஏற்றுவோம். இருண்டு கிடக்கும் ஏடுகள் ஒளி பெறட்டும்!