சூழமைவை மாதிரிப்படுத்தல்: வஹகோட்டையிலிருந்து ஒரு நோக்கு

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, கண்டியரசர் காலத்தில் போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கர் குடியமர்ந்த ஊர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று சிங்களம் பேசுவோர். புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கோ தமிழரும் திரளாக வருவர். அங்கு நிற்பவரின் கையடக்கத் தொலைபேசி, அவர் நிற்குமிடத்தை மாத்திரம் கொண்டு அவரது மொழியை நிர்ணயிக்க முற்படின் யாது நேரும்? சூழமைவுத் தகவலை மாதிரிப்படுத்தும் முயற்சியின் வரலாற்றை இவ்வினாவோடு நாம் அணுகுகின்றோம்.

இத்துறை இடத்தை அறிதலிலேயே தொடங்கிற்று. கேம்பிரிட்ஜ் ஒலிவெற்றி ஆய்வுகூடத்தில் றோய் வான்ற் முதலியோர் உருவாக்கி, 1992 இல் விவரித்த அணிசின்னம், அணிந்தவர் எவ்வறையில் உள்ளார் என்பதைச் செங்கீழ்க் கதிர் வாயிலாக அறிவித்தது. வரும் அழைப்பை அவருக்கு அண்மையிலுள்ள தொலைபேசிக்குத் திருப்புதல் அதன் நோக்கம். ஊழியரைக் கண்காணிக்கவும் அது உதவும் என்ற அச்சம் அன்றே எழுந்தது, அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1994 இல் ஷிலிற், தைமர் ஆகியோர் ‘சூழமைவை உணரும்’ கணிப்பு என்ற பெயரை வழங்கினர். பின்னர் அனிந்த் டே, கிரகரி அபௌட் இருவரும், ஓர் ஆளினதோ இடத்தினதோ பொருளினதோ நிலையை விளக்கும் எத்தகவலும் சூழமைவே என வரையறுத்தனர். அனைத்தையும் அணைக்கும் இவ்வரையறை செய்நிரல் எழுதுவோனுக்கு அதிகம் உதவாது.

எமது நோக்கில், திருப்பத்தைத் தந்தது 2002 இல் ஹென்றிக்சன், இந்துல்ஸ்கா, ரக்கோட்டோனிரைனி ஆகியோர் வெளியிட்ட ஆய்வாகும். சூழமைவுத் தகவல் குறைபாடுடையது என்பதை ஏற்று, அது பிறந்த வழியையும் மாதிரியிலேயே பதிய வேண்டுமென அவர்கள் வாதிட்டனர். உணரியால் பெறப்பட்டது, பயனர் தாமே தந்தது, பிறவற்றிலிருந்து உய்த்தறியப்பட்டது என்பன ஒரே நம்பகத்தன்மை உடையனவல்ல. வஹகோட்டையில் நிற்கிறார் என்பது உணரியின் கூற்று. தமிழர் என்பது அவர் தாமே சொன்னாலன்றித் தெரியவராது. ‘மாத்தளை, ஆதலின் சிங்களம்’ என்பதோ வெறும் உய்த்தறிவு.

இத்தகைய உய்த்தறிவு கணனிக்கு மாத்திரம் உரியதன்று. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம், வடக்கு கிழக்கில் தமிழும் ஏனைய மாகாணங்களில் சிங்களமும் நிருவாக மொழிகளென வகுத்தது. எனினும் வேறிடத்து வாழ்வோர் தம் மொழியில் அரசுடன் தொடர்புகொள்ளும் உரிமையையும் அது ஏற்றது. இடத்தால் வந்த முடிவை ஆளின் கூற்று மாற்றலாம் என்பதே அதன் பொருள். அவ்வுரிமை அலுவலக மேசையில் நடைமுறையாவது வேறு விடயம்.

2022 இல் வெளியான அன்ட்ரொயிட் 13, செயலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழியைத் தெரிவுசெய்ய இடமளித்தது. ஆலய முற்றத்தில் நிற்கும் அதே யாத்திரிகர், செய்தியைத் தமிழிலும் வங்கிக் கணக்கைச் சிங்களத்திலும் வாசிக்கலாம்.