மதுரை நாட்டுப் பாடசாலைகளும் பொதுப் பொருளும்

பாடசாலையை நடத்துவோர் ஒருவராகவும், அதற்குப் பொருள் உதவுவோர் மற்றொருவராகவும் இருத்தல் தகுமோ என்னும் வினா இன்று புதிதாய் எழுந்ததன்று. நூற்றெழுபது ஆண்டுகளாக நம் நாட்டில் ஆராயப்பட்டு வருவது அது. நம்மவருள் சிலர், ‘சர்க்கார் மானியம் நமக்கு எதற்கு? அதனை விடுத்துச் சம்பளம் வாங்கும் ஆங்கிலப் பள்ளியாக மாற்றிவிடலாமே’ என்கின்றனர். வேறு சிலர், ‘நம் முன்னோர் கட்டிய பள்ளியில் நம் பிள்ளைகட்கே இடம் வேண்டும்’ என்கின்றனர். இவ்விரு கூற்றையும் சீர்தூக்குமுன் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலமாகும்.

கும்பினியார் ஆட்சியில், 1822-ஆம் ஆண்டு, சென்னை மாகாணக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ என்பார் கலெக்டர்கள் வாயிலாகப் பாடசாலைக் கணக்கு எடுப்பித்தார். மாகாணம் முழுவதிலும் 12,498 பாடசாலைகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனரென 1826-இல் அவர் எழுதிய குறிப்பால் அறிகின்றோம். அந்நாளைத் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர்க்குப் பெற்றோரே பணமாகவும் தானியமாகவும் கொடுத்துவந்தனர். ஆகவே, ஆசிரியரைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோரிடத்தே இருந்தது. ஆயினும், கொடுக்கவியலாத ஏழைக்கும், திண்ணையில் ஏறவொட்டாது தடுக்கப்பட்டார்க்கும் அவ்வுரிமை இருந்ததில்லை. பழமையைப் புகழ்வோர் இதனை மறத்தலாகாது.

நிற்க. 1854-இல் ஸர் சார்லஸ் வுட் என்பார் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய கல்விக் கட்டளையில், தனியார் நடத்தும் பள்ளிகட்குச் சர்க்கார் உதவித்தொகை அளிக்கும் முறை வகுக்கப்பட்டது. நல்ல உலகியற் கல்வி கற்பித்தல், பொறுப்புள்ள நிர்வாகம் இருத்தல், அதிகாரிகளின் பார்வைக்கு உட்படுதல், சிறிதாயினும் சம்பளம் வாங்குதல் என்பன அதற்குரிய நிபந்தனைகள். பள்ளியிற் போதிக்கப்படும் மதம் யாதென வினவுதல் கூடாதென்பதும் அதன்கண் கண்டது. எனவே மிஷனரிகளும், சுதேசிகளும், எவ்வகுப்பாரும் அவ்வுதவியைப் பெறுதற்கு வழி பிறந்தது.

மதுரையில் நிகழ்ந்ததைக் காண்க. அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் இங்கு வந்து பள்ளிகள் வைத்தனர். 1881-இல் பசுமலையில் அவர்தம் கல்லூரி தோன்றியது. துரைத்தனத்தார் 1856-இல் மதுரையில் ஒரு ஜில்லாப் பள்ளியைத் தொடங்கினர். அது 1880-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. பின்னர், 1882-இல் அமைந்த ஹண்டர் கமிஷன், சர்க்கார் நடத்தும் உயர்கல்வி நிலையங்களைச் சுதேசச் சபைகளிடம் சிறிது சிறிதாக ஒப்புவித்தல் தகுமென அறிவித்தது. அதற்கிணங்க 1889-இல் அக்கல்லூரி உள்ளூர்ப் பெருமக்கள் சபையின் கைக்கு வந்தது. அதுவே மதுரைக் கல்லூரி. ஆகவே, சர்க்கார் கைவிட்டதனை ஊரார் ஏற்று நடத்திய பெருமை நம் நகருக்கு உண்டு.

வகுப்பாரும் வாளாவிருந்திலர். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தமக்கெனப் பள்ளி கண்டனர். மதுரைக்குத் தெற்கே, அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில், நாடார் வணிகர் தம் வியாபாரத்தில் மகமை ஒதுக்கியும், வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் சத்திரிய வித்தியாசாலையைப் போற்றி வளர்த்தனர். அங்குப் பயின்றவருள் ஒருவரே காமராசர். 1954-இல் முதலமைச்சரான அவர், 1956-இல் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு வகுப்பார் இட்ட பிடியரிசி பின்னாளில் நாட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் பயன்பட்டமை காண்க.

இனி, பொதுப் பொருளை ஏற்றுப் பொது நெறியைத் தள்ளியதனால் விளைந்த கேடும் நம் கண்முன் உளது. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்திற்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் ரூ.10,000 தருவதாக இசைந்து, ரூ.5,000 கொடுத்தது. அங்குச் சில பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டது வெளிப்படவே, 1924, 1925-ஆம் ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியாரும் அதனை வன்மையாக எதிர்த்தனர். ஐயரது தேசபக்தியை யாரும் ஐயுற்றிலர்; பலர் கொடுத்த பொருளால் சிலர்க்கு வேறு பந்தி இடலாமோ என்பதே கேள்வி. அதற்கு விடையின்றி அக்குருகுலம் சிதைந்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இவ்வழக்கை முடித்துவைத்தது. சர்க்கார் பொருளுதவி பெறும் எப்பள்ளியும், மதம், இனம், சாதி, மொழி என்பவற்றை மட்டும் காரணங்காட்டி எவர்க்கும் இடம் மறுத்தலாகாது. 1955-இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கும் ஓய்வூதியம் வகுக்கப்பட்டது. 1991-92-ஆம் கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகட்கு மானியம் இல்லை என்றாயிற்று. ஆதலின், முன்னமே மானியம் பெற்ற பள்ளி இன்று கிட்டாத ஒரு பேறு. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டமோ, மானியம் பெறாத தனியார் பள்ளியிலும் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் எளியார்க்கு ஒதுக்குமாறு பணித்து, அதற்குரிய செலவைச் சர்க்கார்மேல் வைத்தது. சிறுபான்மையோர் பள்ளிகட்கு அதில் விலக்கு உண்டு.

அன்பர்களே! பெற்றோர் தாம் விரும்பிய பள்ளியைத் தெரிதல் நன்றே. ஆனால், பணம் கொடுப்பார்க்கு மட்டும் தெரிவு உளதாயின், அது பழைய திண்ணை முறையேயாகும். நம் பிள்ளைகளிலும் கூலிவேலை செய்வார் மக்கள் பலர். மானியத்தை விட்டுவிடின் முதலில் வெளியேறுவோர் அவர்களே. ‘நம்மவர்க்கே இடம்’ என்பதும் சட்டத்தால் நிலையாது, அறத்தாலும் நிலையாது. அயலார் வரிப்பணமும் அம்மானியத்தில் கலந்துளதன்றோ?

ஆதலின், சங்கத்தார் செய்யத்தக்கன மூன்று. மானியத்தை விடாது காத்தல் ஒன்று. பள்ளிக் கணக்கை ஆண்டுதோறும் மகாசபையில் வாசித்தல் இரண்டு. கட்டடம், நூல்நிலையம், ஆங்கிலப் பயிற்சி முதலியவற்றிற்கு மகமைப் பொருளைச் செலவிட்டு, சம்பளப் பள்ளியைத் தேடிப் போவோரும் மீளும்படி தரத்தை உயர்த்துதல் மூன்று. முன்னோர் பள்ளியின் வாயிலில் நம் குலப்பெயரைப் பொறித்தனர். அவ்வாயில் திறந்திருக்கும் வரையிலேதான் அப்பெயர்க்குப் பெருமை.