களனி வற்றிய ஆண்டும் ஒரு கிளினிக் கொப்பியும்

நோட்டன் பிரிட்ஜில் மழை ஒரு செய்தியே அல்ல. அங்குள்ள அணைக்கட்டில் தேங்கும் கெஹெல்கமு ஓயா, கீழே மஸ்கெலியா ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகிக் கித்துல்கல, ருவன்வெல்லை, அவிசாவளை வழியாகக் கொழும்பை அடைகிறது. பத்திரிகையாளனாக நான் இப்பகுதிக்குச் சென்ற போதெல்லாம் வெள்ளத்தையும் மண்சரிவையும் பற்றியே எழுதினேன். ஆனால் இந்நதிக்கரை கண்ட பெருஞ்சாவு, நீர் வற்றிய ஓர் ஆண்டில் நேர்ந்தது.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி, மகா ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் குன்றி மணலிடையே குட்டைகளாகத் தேங்கின. வழக்கமாக நீரோட்டம் அடித்துச் சென்றுவிடும் நுளம்புக் குடம்பிகள், வெயில் படும் அந்தத் தெளிந்த குட்டைகளில் பல்கிப் பெருகின. ஈரவலயக் கிராமத்தவருக்கு மலேரியா அதிகம் பழக்கமற்ற நோய்; எதிர்ப்புச் சக்தி இல்லை. மழை பொய்த்ததால் விளைச்சலும் இல்லை. 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன.

அக்குடும்பங்கள் நோயை எவ்வாறு எதிர்கொண்டன? வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் படுத்துவிட்டால் கஞ்சி காய்ச்சவும் ஆளில்லை. கசாயத்தால் காய்ச்சல் தணியவில்லை. கொய்னாவுக்கோ நெடுந்தொலைவு நடக்கவேண்டும். நோயோடு பசியும் சேர்ந்தே கொன்றது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு உணவையும் சுமந்து கிராமங்களுக்குள் சென்றது இதனால்தான். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை ருவன்வெல்லைத் தொகுதி 1936இல் அரசாங்க சபைக்கு அனுப்பியது. இலங்கை இடதுசாரி அரசியலின் வேர்களுள் ஒன்று இந்தக் காய்ச்சலில் இருக்கிறது.

நதியின் தலைப்பில் இருந்த தேயிலைத் தோட்டங்களின் நிலை வேறு. குளிர்ந்த உயர்நிலம் மலேரியாவுக்கு ஏற்றதல்ல. அத்துடன், நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்தின்மேல் சுமத்தியிருந்தது. இது கருணையால் பிறந்த சட்டமென்று நான் கருதவில்லை. கூலியாள் படுத்தால் கொழுந்து நிற்கும் என்ற கணக்கே அதன் அடி. எனினும் அதன் பயனாக, லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு டிஸ்பென்சரியும், மக்கள் 'டொக்டரையா' என்றழைத்த மருத்துவ உதவியாளரும் பல தோட்டங்களில் இருந்தனர். அவரிடமிருந்த மருந்து சொற்பம்; ஆனால் அது அருகில் இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது இந்தப் பழைய கதை என் நினைவுக்கு வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பாதைகள் அறுந்தன, மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. பின்னர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். "உசுரு தப்பிச்சிருச்சுங்க ஐயா, கொப்பிதான் போயிருச்சு" என்றார். அவர் சொன்னது சர்க்கரைக்கும் பிரசருக்கும் மருந்து எழுதிய கிளினிக் கொப்பியை. பக்கத்து லயத்தில் அதே நோய்க்காரியிடம் நாலைந்து மாத்திரைகளைக் கடன் வாங்கி, நிறத்தைப் பார்த்து விழுங்கியிருக்கிறார். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடித்தார்கள். பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். தங்களால் இயன்றதையெல்லாம் செய்திருந்தார்கள். இயலாதது ஒன்றுதான்: அறுந்த பாதையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவது.

தோட்ட வைத்தியசாலைகளை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்பது 1990களில் தொடங்கியது. இந்த மக்களும் நாட்டின் பிரசைகளே என்ற வகையில் அது வேண்டிய மாற்றம். ஆனால் பெரிய வைத்தியசாலை நகரில் இருக்கிறதென்று சிறிய டிஸ்பென்சரியைப் பாழடைய விடுவது நியாயமாகாது. மலையில் அனர்த்தம் முதலில் அறுப்பது பாதையைத்தான். அதற்கு இப்பாலேயே ஒரு மாத மருந்தும், நோயாளர் பதிவேட்டின் பிரதியொன்றும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்கவேண்டும். கொழுந்து நிற்கக்கூடாதென்று அன்றைய வெள்ளைக்காரன் செய்ததை, உயிர் நிற்கக்கூடாதென்று இன்று நாம் செய்யக்கூடாதா?