திருநூலைத் திறந்தவர்கள்

டிசம்பர் 31 நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. பீடத்தின் அடியில் ஒரு பிரம்புத் தட்டு வைக்கப்பட்டிருக்கும். இளைஞர்கள் கையால் எழுதிச் சுருட்டிய விவிலிய வசனங்கள் அதில் நிறைந்திருக்கும். மக்கள் வரிசையாகச் சென்று ஆளுக்கொரு சீட்டு எடுப்பர். அதுவே அவரவர்க்குப் புத்தாண்டின் இறைவாக்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பிரித்த சீட்டில் மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரப் பகுதி ஒன்று இருந்தது. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் மனத்தாங்கல் கொண்ட உடன்பிறப்பு ஒருவன் இருப்பதை நினைவுகூர்ந்தால் முதலில் அவனிடம் சென்று உறவைச் சீராக்கிக்கொள்ள வேண்டும் என்னும் பகுதி அது. எனக்கும் என் அண்ணனுக்கும் அப்போது பூர்வீக வீட்டுச் சுவர் ஒன்றைப் பற்றிய தகராறு. இரண்டு ஆண்டுகளாக முகம் பார்த்துப் பேசியதில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். சீட்டைப் பழையபடி சுருட்டித் தட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். நல்லாயனைப் பற்றிய 23ஆம் திருப்பாடல் வந்தது. மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

திருநூலில் தனக்கென ஒரு சொல்லைத் தேடும் பழக்கம் நேற்று முளைத்ததன்று. அதன் வரலாறு ஏறக்குறைய பதினேழு நூற்றாண்டு நீளமுடையது. அவ்வரலாற்றில் புனிதர்களும் இருக்கிறார்கள். என்னைப் போன்று சீட்டை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் நினைவுக்கு வருபவர் எகிப்து நாட்டு அந்தோணியார். நம் ஊர்களில் செவ்வாய்க்கிழமைதோறும் மக்கள் நாடிச் செல்லும் பதுவைப் பதியர் அல்லர். அவருக்கு ஏறக்குறைய 950 ஆண்டுகள் முற்பட்ட வனத்து அந்தோணியார். இருபது வயது நிரம்பும் முன்பே பெற்றோரை இழந்தவர். கையில் ஏறக்குறைய இருநூறு ஏக்கர் நல்ல விளைநிலம். பொறுப்பில் ஒரு சிறு தங்கை. பெற்றோர் இறந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. ஏறக்குறைய கி.பி. 270இல், ஒருநாள் கோவிலுக்குள் நுழையும்போது, செல்வரான இளைஞரிடம் இயேசு உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்ன மத்தேயு 19ஆம் அதிகாரப் பகுதி வாசிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. அவ்வார்த்தை தமக்காகவே வாசிக்கப்பட்டதாக அந்தோணியார் எண்ணினார். வெளியே வந்தார். நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்றப் பொருள்களை விற்று ஏழைகளுக்குப் பகிர்ந்தார்.

இவ்வளவும் நாம் மறையுரைகளில் கேட்டதே. ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் ஒரு சிறு செய்தியையும் மறைக்காமல் எழுதிவைத்துள்ளார். அந்தோணியார் முதன்முறை அனைத்தையும் கொடுத்துவிடவில்லை. தங்கைக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தார். பின்னர் மீண்டும் கோவிலுக்குச் சென்றபோது, நாளையைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டாம் என்னும் மத்தேயு 6ஆம் அதிகாரப் பகுதி அவர் செவியில் விழுந்தது. அதன்பின் அந்த மிச்சத்தையும் கொடுத்துவிட்டு, தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்துத் துறவு வாழ்வை மேற்கொண்டார். ஆக, ஒரு வசனம் வாழ்வாக மாறுவதற்கு இன்னொரு வசனம் தேவைப்பட்டது. இடையே நாள்கள் தேவைப்பட்டன. புனிதர்களின் கீழ்ப்படிதல் ஒரே மூச்சில் நிகழ்ந்தது என்று நாம் சொல்லிக்கொள்வது நமக்கு வசதியானது. அவர்கள் வேறு, நாம் வேறு என்று ஒதுங்கிக்கொள்ளலாம் அல்லவா?

அந்தத் தங்கையின் பெயரை அத்தனாசியார் தரவில்லை. அவளுடைய இசைவைக் கேட்டார்களா என்றும் சொல்லவில்லை. ஒருவர் செவியில் விழுந்த வசனத்தின் சுமை வீட்டிலுள்ள மற்றவர் தோளிலும் ஏறுகிறது என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் கடந்துபோக என்னால் இயலவில்லை. நல்லவேளையாக நூலின் பிற்பகுதியில் அவள் மீண்டும் வருகிறாள்: கன்னிமையில் முதிர்ந்தவளாக, மற்றக் கன்னியரை வழிநடத்துபவளாக. அவளைக் கண்டு அந்தோணியார் மகிழ்ந்தார் என்று அத்தனாசியார் எழுதுகிறார்.

அந்தோணியார் 356ஆம் ஆண்டில் தம் 105ஆம் வயதில் இறந்தார் என்பது மரபு. அதற்குச் சரியாக முப்பது ஆண்டுகளுக்குப்பின், இத்தாலியின் மிலான் நகரில், அவருடைய கதை வேறொருவரின் காதில் விழுந்தது. அவர்தாம் அகுஸ்தினார், அப்போது சொல்லாட்சிக்கலைப் பேராசிரியர். அறிவு தெளிந்திருந்தது, வாழ்க்கை திருந்த மறுத்தது. அரசவை அலுவலரான பொந்திசியானுஸ் என்பவர் அவரைக் காண வந்தார். மேசைமேல் கிடந்த நூலை எடுத்துப் பார்த்தவர், அது பவுலின் திருமுகங்கள் என்று கண்டு வியந்து, எகிப்தின் அந்தோணியாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ட்ரியர் நகரத் தோட்டத்தில் உலாவச் சென்ற தம் தோழர் இருவர், ஒரு குடிலில் அந்தோணியாரின் வரலாற்றைக் கண்டெடுத்துப் படித்து, அன்றே அரசுப் பணியைத் துறந்த செய்தியையும் கூறினார்.

அதன்பின் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். அகுஸ்தினார் தோட்டத்துக்கு ஓடுகிறார், அழுகிறார். அடுத்த வீட்டிலிருந்து, எடுத்துப் படிக்கச் சொல்வதுபோல் ஒரு குழந்தையின் குரல் ஒலிக்கிறது. அந்தோணியார் தற்செயலாகக் கேட்ட நற்செய்தியைத் தமக்கே உரியதாக ஏற்றது அவருக்கு நினைவு வருகிறது. நூலைத் திறக்கிறார். களியாட்டத்தையும் காமத்தையும் களைந்துவிட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் உரோமையர் 13ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி கண்ணில் படுகிறது. அவ்வளவே, மேலே படிக்க அவர் விரும்பவில்லை.

மேலே படித்தவர் ஒருவர் இருந்தார். நண்பர் அலிப்பியுஸ் அருகிலேயே இருந்தார். அகுஸ்தினார் விரலிட்டு வைத்திருந்த பக்கத்தை வாங்கி அடுத்த வரியைப் பார்த்தார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளுமாறு பவுல் பணிக்கும் 14ஆம் அதிகாரத் தொடக்கம் அது. அந்த வலுவற்றவன் நானே என்று அலிப்பியுஸ் தமக்குப் பொருத்திக்கொண்டார். தமக்கு மிகவும் பெருமை தராத வசனம்! நண்பருக்கு வந்த சீட்டு தம்முடையதைவிட உயர்ந்தது என்று அவர் பொறாமைப்படவுமில்லை. வேறு பக்கம் புரட்டவுமில்லை. 387ஆம் ஆண்டின் பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோசியாரின் கையால் இருவரும் திருமுழுக்குப் பெற்றனர். இந்நிகழ்ச்சியைப் பற்றிய ஓவியங்களில் அலிப்பியுஸ் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் நிற்பார். எனக்கோ அவர்மேல் தனிப் பற்று.

இப்படித் திறந்த பக்கத்தில் திருந்தியவரே, பின்னர் இப்பழக்கத்தைக் குறித்து எச்சரித்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய 400ஆம் ஆண்டில் சனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில், நற்செய்திப் பக்கங்களைத் திறந்து குறி பார்ப்போரைப் பற்றி அகுஸ்தினார் பேசுகிறார். பேய்களிடம் குறி கேட்பதைவிட இது மேல்தான். ஆயினும் மறுவாழ்வைப் பற்றிப் பேசும் இறைவார்த்தையை இவ்வுலகின் கொடுக்கல் வாங்கல்களுக்குப் பயன்படுத்துவது தமக்கு உவப்பில்லை என்கிறார். அவருக்குப்பின் பிரான்சு நாட்டுப் பகுதியில் கூடிய சங்கங்கள் இன்னும் கடுமையாகப் பேசின. ஐந்தாம் நூற்றாண்டில் வான் நகரச் சங்கமும், 506இல் ஆக்தே சங்கமும், 511இல் ஓர்லெயான் சங்கமும் திருநூலைக்கொண்டு குறி சொல்வோரைத் திருச்சபையிலிருந்து விலக்க ஆணையிட்டன. மூன்று சங்கங்கள் தடை செய்ய வேண்டியிருந்தது என்றால், பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்று நாமே ஊகிக்கலாம்.

தடைகளுக்குப் பின்னும் அது நின்றபாடில்லை. தூர் நகரின் ஆயர் கிரகோரியார் தம் வரலாற்று நூலில் பதிவுசெய்துள்ள ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. இதனை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பிராங்கு இன மன்னன் கில்பெரிக்கின் மகன் மெரோவெக். தந்தைக்குத் தெரியாமல், தன் தந்தையின் உடன்பிறந்தானுடைய கைம்பெண்ணான அரசி புருன்ஹில்டை மணந்தான். சினங்கொண்ட தந்தை அவன் தலைமுடியை மழித்துத் துறவு மடத்துக்கு அனுப்பினான். அங்கிருந்து தப்பிய மெரோவெக், தூர் நகரில் புனித மார்ட்டினாரின் கோவிலில் அடைக்கலம் புகுந்தான். இது நிகழ்ந்தது 577ஆம் ஆண்டளவில்.

அடைக்கலம் புகுந்தவன் சும்மா இருக்கவில்லை. தந்தையைப் பற்றித் தீயன பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஆயரை விருந்துக்கு அழைத்து, ஆன்மாவுக்குப் பயன்தரும் ஏதேனும் ஒன்றைத் திருநூலிலிருந்து வாசிக்குமாறு வேண்டினான். கிரகோரியார் நீதிமொழிகள் நூலைத் திறந்தார். தந்தையை இகழ்ந்து நோக்கும் கண்ணைக் காகங்கள் கொத்தும் என்று எச்சரிக்கும் 30ஆம் அதிகார வசனம் முதலில் கண்ணில் பட்டது. வாசித்தார். மெரோவெக்குக்கு அது உறைக்கவில்லை. ஆண்டவரே இவ்வசனத்தை ஏற்பாடு செய்தார் என்று தாம் கருதியதாக மட்டும் ஆயர் எழுதுகிறார்.

அதே கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த குன்ட்ராம் என்னும் பெருங்குடித் தலைவன், ஒரு குறிகாரியிடம் ஆளனுப்பிக் கேட்டான். கில்பெரிக் சாவான், மெரோவெக் அரசாள்வான் என்று அவள் சொல்லியனுப்பினாள். மெரோவெக் அதனை முழுதும் நம்பவில்லை. ஆகவே திருப்பாடல்கள், அரசர்கள், நற்செய்தி ஆகிய மூன்று நூல்களைப் புனிதரின் கல்லறைமேல் வைத்து, தனக்கு ஆட்சி கிட்டுமா என்பதைக் காட்டியருளுமாறு இரவெல்லாம் வேண்டினான். மூன்று நாள் நோன்பும் விழிப்பும் செபமும். பின்பு ஒவ்வொன்றாகத் திறந்தான். மூன்றும் அழிவையே கூறின; நற்செய்தி நூலோ மானிட மகன் சிலுவைச் சாவுக்குக் கையளிக்கப்படும் இடத்தில் திறந்தது. கல்லறையருகே நெடுநேரம் அழுதான் மெரோவெக். பிறகு கோவிலை விட்டு வெளியேறினான். அதிக நாள் செல்லவில்லை. பகைவர் சூழ்ந்துகொள்ள, தன் பணியாளனிடமே தன்னைக் கொல்லச் சொல்லி மாண்டான்.

அவனுடைய பக்தியைக் குறைசொல்ல முடியாது. மூன்று நாள் நோன்பிருந்து திருநூலைத் திறப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஆயினும் அவன் செய்ய வேண்டியதைச் சொன்ன வசனம், அவன் கேளாமலே, விருந்து மேசையில் வந்தது. அதை விட்டுவிட்டு, நடக்கப்போவதைச் சொல்லும் வசனத்துக்காகக் கல்லறையில் காத்துக் கிடந்தான். அவனைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. அண்ணன் வீட்டுப் படியேற எனக்கு அந்தப் புத்தாண்டு இரவிலிருந்து பதினான்கு மாதங்கள் ஆயின.

அசிசி நகரப் பிரான்சிசும் திருநூலை மும்முறை திறந்தவரே. அதற்கு முன், 1208ஆம் ஆண்டளவில், போர்சியுங்குலா சிற்றாலயத் திருப்பலியில், சீடர்கள் பணமோ பையோ மிதியடியோ கோலோ இன்றிச் செல்ல வேண்டும் என்னும் நற்செய்தியைக் கேட்டார். கேட்டதும் ஓடிவிடவில்லை. திருப்பலி முடிந்தபின் குருவிடம் சென்று அப்பகுதியை விளக்கித் தருமாறு வேண்டினார். விளக்கம் கேட்டபிறகே மிதியடியைக் கழற்றினார், கோலை எறிந்தார், இடைவாருக்குப் பதில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

பின்பு பெர்னார்து என்னும் அசிசி நகரச் செல்வர் அவரோடு சேர விரும்பினார். தம் உடைமைகளை என்ன செய்வது என்று கேட்டார். இருவரும் காலையில் புனித நிக்கொலாசு ஆலயம் சென்று மன்றாடிய பின் நற்செய்தியைத் திறந்தனர். முதலில் கிடைத்தது அந்தோணியார் கேட்ட அதே மத்தேயு 19ஆம் அதிகாரம். அடுத்து, பயணத்துக்கு எதையும் எடுத்துச் செல்லாதிருக்கச் சொல்லும் லூக்கா 9. மூன்றாவது, தன்னலம் துறந்து சிலுவையைச் சுமக்க அழைக்கும் மத்தேயு 16. பெர்னார்து சென்று அனைத்தையும் விற்று நகரத்து ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தார். அந்நேரம் அங்கே வந்த சில்வெஸ்தர் என்னும் குரு, முன்பு பிரான்சிசுக்குத் தாம் விற்ற கற்களுக்குப் போதிய விலை கிடைக்கவில்லை என்று முறையிட்டாராம். பிரான்சிசு காசுகளை அள்ளி அவர் கையில் போட்டார். சில காலத்துக்குப்பின் அந்தக் குருவும் அவர்களோடு சேர்ந்துவிட்டார்.

வெளிப்பார்வைக்கு மெரோவெக் செய்ததும் பெர்னார்து செய்ததும் ஒன்றே: மன்றாட்டு, மூன்று முறை திறந்த நூல். சங்கங்களின் தடையை வைத்து அளந்தால் இரண்டாமவரும் தப்புவது கடினம். ஆனால் முன்னவன் தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டான். பின்னவர் தாம் எதைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நாம் பிரம்புத் தட்டில் கையை விடும்போது இவ்விரண்டில் எந்தக் கேள்வி நம் நெஞ்சில் இருக்கிறது என்பதை நம்மைத் தவிர யார் அறிவார்?

எகிப்துக்கே ஒருமுறை திரும்புவோம். நான்காம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பாலைவனத்தில் வாழ்ந்த பம்போ என்னும் துறவியைப் பற்றி, திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரதேஸ் எழுதியுள்ளார். பம்போ எழுத்தறியாதவர். திருப்பாடல் ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்பி ஒருவரிடம் சென்றார். அவர் 39ஆம் திருப்பாடலைத் தொடங்கினார். நாவினால் பாவம் செய்யாதபடி என் நடத்தையைக் காத்துக்கொள்வேன் என்னும் பொருள்பட்ட முதல் வசனத்தைக் கேட்டதுமே பம்போ எழுந்துவிட்டார். இதைச் செயலில் கற்றுக்கொண்டால் எனக்கு இது போதும் என்று கூறிச் சென்றார்.

ஆறு மாதங்கள் ஆயின. கற்பித்தவர் அவரைக் கண்டு, ஏன் திரும்பி வரவில்லை என்று கடிந்துகொண்டார். அந்த வசனத்தையே தாம் இன்னும் செயலில் கற்றுமுடிக்கவில்லை என்றார் பம்போ. மேலும் பல ஆண்டுகள் உருண்டோடின. வசனத்தைக் கற்றாயிற்றா என்று அறிமுகமான ஒருவர் கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் அரும்பாடுபட்டு ஓரளவு கற்றிருப்பதாகப் பம்போ சொன்னாராம்.