அகமதாபாத்: கோயில் வாசலில் தொடங்கி மசூதி முற்றம் வரை

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411-ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷா தன் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். பத்ரா கோட்டை எழுந்தது. அதன் எதிரே தீன் தர்வாஜா என்னும் மூன்று வளைவு வாசலும், சற்றுத் தள்ளிப் பெரிய மசூதியும் எழுந்தன. சுல்தான்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊரைப் பார்க்க வருகிறவர்களும் அப்படியே. காந்தியின் ஆசிரமம், சீதி சையது மசூதியின் கல் சன்னல், ஊருக்கு வெளியே அடாலஜ் படிக்கிணறு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள்.

அந்தச் சுல்தான்களுக்குத் துணி நெய்தவர்கள், அவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள், மசூதிக்குத் தூண் செதுக்கிய தச்சர்கள் எல்லோரும் எங்கே குடியிருந்தார்கள்? அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார்களா? அகமதாபாத்தின் உண்மையான கட்டடக்கலை அந்தக் கேள்விக்கான விடையில் இருக்கிறது. அதைப் பார்க்க மகாலுக்கும் கோட்டைக்கும் போகவேண்டாம். சந்துகளில் நடந்தால் போதும்.

அப்படி நடக்க வைத்தது அந்த ஊர் மாநகராட்சி. 1996-இல் பழைய கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை அது தொடங்கியது. குப்பை அள்ளுவதும் குழாயைப் பழுது பார்ப்பதும்தான் மாநகராட்சியின் வேலை என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. மறு ஆண்டு, 1997 நவம்பர் 19 அன்று, வழிகாட்டியோடு பழைய நகரத்துச் சந்துகளைச் சுற்றிப் பார்க்கும் மரபு நடை தொடங்கியது. இதன் பின்னணியில் உழைத்தவர் தேபாசிஷ் நாயக் என்னும் கட்டடக்கலை அறிஞர். காளுப்பூர் சுவாமி நாராயண் கோயிலில் தொடங்கி ஜமா மசூதியில் முடிகிறது பாதை. காலை 8 மணிக்குப் புறப்பட்டால் இரண்டரை மணி நேரம். மதக் கலவரங்களின் வடு ஆறாத ஓர் ஊரில் இந்த இரண்டு முனைகளைத் தேர்ந்தெடுத்ததே பெரிய காரியம் என்பேன்.

புறப்படும் இடத்திலேயே கண்ணுக்கு வேலை வந்துவிடுகிறது. மராட்டியர் கையிலிருந்து 1818-இல் நகரம் ஆங்கிலேயர் வசமானது. அவர்கள் கொடுத்த நிலத்தில் 1822-இல் எழுந்தது இந்தக் கோயில். சுவாமி நாராயண் மரபில் கட்டப்பட்ட முதல் கோயிலும் இதுதான். கருங்கல் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, தூணும் வளைவும் தாங்குகட்டையுமாக பர்மாத் தேக்கில் செதுக்கி, பளிச்சென்று வண்ணம் பூசிய கோயில் புதிதாகத் தெரிகிறது. இந்த நகரம் மரத்தின் நகரம் என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

கோயிலைவிட்டு வெளியே வந்து ஒரு வளைவு வாசலுக்குள் நுழைந்தால் போள். குஜராத்தியர் இப்படி அழைப்பது ஒரு தெருவை மட்டுமன்று. ஒரே வாசல், அதற்குள் ஒரு முக்கியச் சந்து, அதிலிருந்து கிளை பிரியும் குட்டிச் சந்துகள், பொதுக் கிணறு, கோயில், பறவைக்குத் தீனி வைக்கும் கம்பம், செய்தி எழுதிப் போடும் கரும்பலகை இவையெல்லாம் சேர்ந்த ஒரு குடியிருப்பு அது. ஒரு சாதியினரோ ஒரே தொழில் செய்பவர்களோ சேர்ந்து வாழ்ந்த இடம். வாசலுக்கு மேலே காவல்காரருக்கு ஓர் அறை உண்டு. இரவில் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். முகலாயர் ஆட்சி தளர்ந்து மராட்டியப் படைகள் வந்துபோன 18-ஆம் நூற்றாண்டில் அந்த நிம்மதிக்கு விலை அதிகம். வாசலும் கிணறும் பொதுச் சொத்து. அவற்றைப் பராமரிக்கப் பஞ்சாயத்து இருந்தது. வீட்டை விற்க நினைப்பவர் முதலில் போளுக்குள் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. முகூர்த் போள்தான் நகரத்தின் முதல் போள் என்பது ஊர் வழக்கு.

லம்பேஷ்வர் போளில் ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். வெண்கலச் சிலை. குஜராத்திக் கவி தல்பத்ராம் (1820–1898) வாழ்ந்த இடம் இது. வீடு இப்போது இல்லை. அதன் முகப்பை மட்டும் மறுபடி எழுப்பி, அதன் திண்ணையில் கவிஞரை உட்கார வைத்திருக்கிறார்கள். அலெக்சாண்டர் ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரிக்குக் குஜராத்தி கற்பித்தவர் தல்பத்ராம். 1848-இல் ஃபோர்ப்ஸ் தொடங்கிய மொழிச் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் உழைத்தவரும் அவரே. பீடம் கட்டி, கம்பி வேலி போட்டு, ஆண்டுக்கு ஒருநாள் மாலை போடும் சிலைகளையே பார்த்திருக்கிறோம். இங்கே பிள்ளைகள் கவிஞர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். ஒரு கவிஞருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவிடத்தை நான் பார்த்ததில்லை.

சற்றுத் தூரத்தில், பறவைக்குத் தீனி வைக்கும் அந்தக் கம்பம் வருகிறது. சபூத்ரோ என்று பெயர். ஒற்றைத் தூணின் மேல் எண்கோண மாடம், அதற்கொரு கூரை. புறாவும் கிளியும் வந்து தானியம் தின்னும். நெருக்கமான சந்துகளில் மரம் வளர இடமில்லை. பறவைக்கு உணவு தருவது சமணருக்கும் வைணவருக்கும் அறம். ஆகவே மரச்சிற்பியை அழைத்து, தங்கள் வீட்டு முகப்புக்குக் காட்டிய அதே அக்கறையோடு பறவைகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி மனிதரின் வீட்டுக்குள் போவோம். வாசலில் திண்ணை, இவர்கள் ஓட்லோ என்கிறார்கள். முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். பக்கத்து வீட்டோடு சுவர் பொது. முன்னறையைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம். மாடிகள் கீழ்த்தளத்தைவிடச் சற்று வெளியே நீண்டு, சந்தின் மேல் கவிந்து நிற்கின்றன. அவற்றைத் தாங்கும் கட்டைகளில் கொடி, மயில், கந்தர்வர் என்று செதுக்கல். இந்த நீட்டல் அழகுக்காக மட்டுமில்லை. 45 டிகிரி வெயில் அடிக்கும் மே மாதத்திலும் சந்தில் நிழல் இருக்கிறது. முற்றத்துச் சூடு மேலே போக, நிழல் படிந்த சந்தின் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மின்விசிறி வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்த கணக்கு.

முற்றத்துத் தரையில் ஒரு சின்ன மூடி. வழிகாட்டி அதைக் காலால் தட்டினார். கீழே வெற்றிடம் என்பது ஒலியில் தெரிந்தது. டாங்கு எனப்படும் நிலத்தடித் தொட்டி அது. மொட்டை மாடியிலும் கூரையிலும் விழும் மழைநீர் குழாய் வழியே இறங்கி இங்கே சேரும். முதல் மழையைச் சேர்க்க மாட்டார்கள். கூரை கழுவி அது வெளியே ஓடிவிட வேண்டும். அதன்பின் வரும் நீரைத்தான் தொட்டிக்கு விடுவார்கள். உள்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. வெளிச்சம் புகாததால் பாசி பிடிப்பதில்லை. பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் இந்தத் தொட்டி, குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு அடுத்த மழைக்காலம் வரை போதும். கிணற்று நீர் உப்பாக இருந்த ஊரில், சமண வணிகரும் நாகரப் பிராமணரும் தங்கள் வீட்டுக்கு அடியிலேயே இனிப்பான நீரைச் சேர்த்துவைத்துக்கொண்டார்கள். குழாய்த் தண்ணீர் வந்தபின் பல தொட்டிகள் மூடப்பட்டன, சில இன்றும் பயனில் இருக்கின்றன. இந்த நடையில் நான் பார்த்த எந்தச் சிற்பத்தைவிடவும் இந்தச் சின்ன மூடியைத்தான் உயர்வாக மதிக்கிறேன்.

சுவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செங்கல் சுவருக்குள் குறிப்பிட்ட உயரத்துக்கு ஒருமுறை மர உத்திரத்தைக் கிடையாகப் பதித்திருப்பார்கள். நிலம் ஆடும்போது மரம் கொடுத்து வாங்கும், செங்கல் மொத்தமாகச் சரியாது. 2001 ஜனவரி 26 காலையில் பூஜ் நிலநடுக்கம் வந்தபோது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்து விழுந்தவற்றில் பெரும்பாலானவை புதிய கான்கிரீட் அடுக்குமாடிகள். வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்களை நிறுத்திக் கட்டியவை. பழைய நகரத்தின் மர வீடுகளில் விரிசல் விழுந்தது, சில இடங்களில் சுவர் உதிர்ந்தது, ஆனால் பெரும்பாலானவை நின்றன. பெயர் தெரியாத தச்சர்களின் அறிவுக்கு அதைவிடப் பெரிய சான்று வேறு வேண்டாம்.

அதே அதிர்வில் அடிபட்ட ஒரு புதுமைக் கட்டடமும் இந்த வழியில்தான் இருக்கிறது. விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தவர்களான கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் 1963-இல் ரிலீஃப் ரோட்டில் காலிகோ ஆலையின் துணிக்கடைக்காகக் கட்டிய கோளக்கூரை அது. அமெரிக்கர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் உருவாக்கிய, முக்கோணங்களைக் கோத்து எழுப்பும் முறை. ஆலை மூடப்பட்டது, நிலநடுக்கம் வலுவைக் குறைத்தது, பின்னர் மழையில் கூரை சரிந்தது. அதை மாநகராட்சி வாங்கியது.

ஹாஜா படேல் போளில் ஒரு வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தால் காலா ராம்ஜி கோயில். வில்லேந்தி நிற்கும் ராமரையும் பட்டாபிஷேகக் கோலத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு, கறுப்புக் கல்லில் தவக்கோலத்தில் அமர்ந்திருக்கும் இந்த ராமர் புதியவர். சமணக் கோயில்களும் வெளியிலிருந்து பார்த்தால் வீடுகள்தாம். சிலவற்றின் கருவறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் திருமேனிகளைக் காப்பதற்கு அப்படிச் செய்தார்கள் என்கிறார்கள். தோஷிவாடா போளில் 1856-இல் கட்டிய அஷ்டாபத்ஜி கோயில் மட்டும் வெள்ளைச் சலவைக்கல்லில் தன்னை மறைத்துக்கொள்ளாமல் நிற்கிறது.

போளிலிருந்து போளுக்குப் போக இரகசிய வழிகளும் உண்டு. பார்வைக்கு ஒரு வீட்டின் கதவு. தள்ளினால் வீடு இல்லை, அடுத்த சந்து. உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரியும். கலகம் வந்தால் பெண்களையும் குழந்தைகளையும் இந்த வழியாக அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து ஹர்குன்வர் சேட்டாணியின் ஹவேலி, 60 அறைகள் கொண்ட மாளிகை. தாங்குகட்டைகளின் வேலைப்பாட்டில் சீனச் சாயல் தெரிகிறது என்பார்கள். வீட்டைவிட அந்த அம்மையாரின் கதை பெரியது. கணவர் ஹட்டீசிங் கேசரிசிங் பெரும் வணிகர். டெல்லி தர்வாஜாவுக்கு வெளியே தரம்நாதருக்குச் சமணக் கோயில் கட்டத் தொடங்கி, முடியும் முன்பே இறந்துபோனார். பஞ்சக் காலம். ஹர்குன்வர் வேலையை நிறுத்தவில்லை. தானே நின்று நடத்தி 1848-இல் முடித்தார். வேலையின்றித் தவித்த கைவினைஞர் பலருக்கு அந்தக் கோயில் சோறு போட்டது. ஊரில் ஹட்டீசிங் கோயில் என்றுதான் பெயர். கட்டி முடித்தவரின் பெயரையும் நாம் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அதன்பின் நடை வேகமாகிவிடுகிறது. பெர்னாண்டஸ் பாலத்தடியில் புத்தகக் கடைகள், பொட்டும் பூசைப் பொருளும் விற்கும் சாந்தலா ஓள், 1894-இல் தொடங்கிய பங்குச் சந்தையின் பழைய கட்டடம், பகலில் நகைக்கடைகளாகவும் இரவில் உணவுக்கடைகளாகவும் மாறும் மாணெக் சௌக். அரசிகளின் கல்லறையைச் சுற்றிலும் துணிக்கடைகள்.

கடைசியில் ஜமா மசூதி. 1424-இல் முடிந்தது. 260 தூண்கள், 15 குவிமாடங்கள். கூர்ந்து பார்த்தால் தாமரையும் கலசமும் தெரியும். அகமது ஷாவுக்கு மசூதி கட்டியவர்கள் இந்து, சமணக் கோயில்களைக் கட்டிப் பழகிய உள்ளூர்க் கைகள். 1819 நிலநடுக்கத்தில் மினார்கள் விழுந்துவிட்டன, அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. காலையில் மரத்தில் பார்த்த அதே கொடிகளை இங்கே கல்லில் பார்க்கிறோம்.

2017 ஜூலையில் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்திய நகரங்களில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது அகமதாபாத்தான். ஜெய்ப்பூருக்கே 2019-இல்தான் கிடைத்தது. 20 ஆண்டுகள் காலைதோறும் நடந்த நடைக்கு அதில் பங்கு உண்டு. தங்கள் வீட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவதைக் கண்டபிறகுதான் பல குடும்பங்களுக்கு அதன் அருமை புரிந்தது.

ஆனாலும் போள்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. கார் நுழையாது, கழிவறை வசதி போதாது, மரத்தைப் பழுது பார்க்கச் செலவு அதிகம். படித்த பிள்ளைகள் ஆற்றுக்கு மேற்கே அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். காலி வீடு சரக்குக் கிடங்காகிறது. செதுக்கிய தூணும் கதவும் பழம்பொருள் வியாபாரிகளின் கைக்குப் போய், எங்கோ ஒரு ஓட்டலின் அலங்காரமாகின்றன. மரபுப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. பழுது பார்க்கக் கடனும், கட்டட உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் அனுமதியும் இவர்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும். ஆட்கள் குடியிருந்தால்தான் போள் பிழைக்கும்.

அகமதாபாத் போகிறவர்கள் ஆசிரமத்துக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள், காலையை இந்தச் சந்துகளுக்குக் கொடுங்கள். 8 மணிக்குக் காளுப்பூர் கோயிலில் இருங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள், அது அவர்களுடைய வீடு.