திறக்க மறுத்த கதவு

மனிதனுடைய இருதயத்தில் நான்கு கதவுகள் உண்டு. உடம்புக்கெல்லாம் ரத்தம் புறப்படுகிற தலைவாசல் கதவுக்கு அயோர்டிக் வால்வு என்று பெயர். முதுமையில் சிலருக்கு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து, துருப்பிடித்த கீல் போல் இறுகிவிடுகிறது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டும்; சில சமயம் மயங்கி விழுவார்கள். மார்பைப் பிளந்து புது வால்வு பொருத்தும் வித்தை 1960-லேயே வந்துவிட்டது. ஆனால் தள்ளாத கிழவர்கள் கதி? "வயதாகிவிட்டது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்தப் பதிலை ஏற்காதவர், பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரில் இருந்த டாக்டர் அலேன் கிரிபியே. 1985-ல் அவர் மெல்லிய குழாய் ஒன்றை ரத்தக் குழாய் வழியே செலுத்தி, அதிலிருந்த பலூனை ஊதி, இறுகிய வால்வை விரித்தார். நோயாளிகள் எழுந்து நடமாடினார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. பலருக்கு ஒரு வருஷத்துக்குள் வால்வு மறுபடியும் இறுகிற்று.

விரித்த இடத்தில் புதுக் கதவையே மாட்டிவிட்டால் என்ன?

டென்மார்க்கில் ஹென்னிங் ஆண்டர்சன் என்ற இளம் டாக்டருக்கும் இதே எண்ணம் பிறந்தது. கம்பியைத் தம் கையாலேயே வளைத்து, அதில் பன்றியின் வால்வைத் தைத்து, 1989 மே 1-ஆம் தேதி உயிருள்ள பன்றி ஒன்றுக்குப் பொருத்திக் காட்டினார். பெரிய வைத்தியப் பத்திரிகைகள் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பின. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல! 1992-ல்தான் அது அச்சேறியது.

கிரிபியேயும் கம்பெனிகளின் படியேறிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் 1999-ல் சிலருடன் சேர்ந்து சொந்தமாகவே ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்.

2002 ஏப்ரல் 16. ரூவான் ஆஸ்பத்திரியில் 57 வயது மனிதர் ஒருவர் மரணத்தின் வாசலில் கிடந்தார். சத்திர சிகிச்சைக்கு லாயக்கில்லை என்று கைவிடப்பட்டவர். மாட்டின் இருதய உறையால் செய்து, பலூன் மீது சுருக்கி வைத்த வால்வு, தொடை வழியாகப் பயணம் செய்து இருதயத்தை அடைந்து, அங்கே விரிந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து வேறு கோளாறுகளால் இறந்துபோனார்; வால்வு அவரைக் கைவிடவில்லை.

2010-ல், அறுவைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட 358 பேரைக் கொண்டு நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. அவர்களுடைய சராசரி வயது 83. பழைய வைத்தியம் பெற்றவர்களில் ஒரே வருஷத்தில் பாதிப் பேர் மாண்டார்கள். புது வால்வு பெற்றவர்களிலோ நூற்றுக்கு 31 பேர். பக்கவாதம் மட்டும் இவர்களுக்குச் சற்று அதிகம் வந்தது; அதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் நூற்றுக்கு இருபது பேர் மிஞ்சினார்கள் என்றால், அது வெறும் கணக்கா? இருபது வீடுகளின் திண்ணையில் இன்னும் ஒரு தாத்தாவோ பாட்டியோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றல்லவா அர்த்தம்!

கிரிபியே 2024-ல், தமது 79-ஆவது வயதில் காலமானார். "வயதாகிவிட்டது" என்பது இனிமேல் ஒரு டாக்டருக்குப் போதுமான பதிலல்ல.