மண் கப்பலேறிய தீவு: நவூருவின் கதை

1) போன வாரம் ஒரு ரீல்ஸை பத்து பேராவது எனக்கு அனுப்பியிருப்பாங்க. "உலகத்திலேயே குண்டான மக்கள் வாழும் நாடு. காசு வந்துச்சு, வேலையை விட்டாங்க, தின்னே அழிஞ்சாங்க." அந்த நாட்டோட பேர் நவூரு. அதுல சொன்னது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை, தினமும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற ஒரு அரசு மருத்துவரா சொல்லணும்னு தோணுச்சு. நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2) முதல்ல மேப்பைப் பார்த்துடுவோம். ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, பசிபிக் கடல் நடுவுல, பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு புள்ளி. மொத்தப் பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். வாடிகன், மொனாக்கோ இரண்டையும் விட்டால் உலகின் மிகச்சிறிய நாடு இதுதான். தீவு நாடுகளில் முதலிடம். மக்கள் தொகை சுமார் 12 ஆயிரம். நம்ம ஊர் பேரூராட்சி ஒண்ணுக்கு ஐ.நா. சபையில் சீட்டு இருந்தா எப்படி இருக்கும், அப்படி.

3) தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலை. சுமார் 19 கிலோமீட்டர். டூவீலர்ல அரை மணி நேரத்துல நாட்டையே சுத்தி வந்துடலாம். அதிகாரபூர்வ தலைநகர் கிடையாது. நாடாளுமன்றம், விமான நிலையம் எல்லாம் யாரென் என்ற மாவட்டத்தில் இருக்கு. ஆறு கிடையாது. மழைநீரும், உப்பு நீக்கிய கடல்நீரும்தான் குடிநீர். புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். பக்கத்துத் தீவான பனாபா 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

4) அந்த நாட்டுக் கொடியே ஒரு மேப் மாதிரிதான். நீலம் கடல். குறுக்கே ஓடும் மஞ்சள் கோடு பூமத்திய ரேகை. கோட்டுக்குக் கீழே 12 முனை கொண்ட வெள்ளை நட்சத்திரம் நவூரு. 12 முனைகள் அந்த மக்களின் 12 குலங்கள்.

5) கடற்கரையை ஒட்டி தென்னை மரங்கள், வீடுகள், பசுமை. ஆனா இது ஒரு குறுகிய பட்டைதான். அங்கிருந்து உள்ளே மேடேறிப் போனா காட்சியே மாறிடும். கூர் கூரா சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள், நடுவுல பள்ளங்கள். நடக்கவே முடியாது, விவசாயம் எங்க பண்றது? தீவின் ஐந்தில் நான்கு பங்கு இப்படித் தோண்டப்பட்ட நிலம். இது இயற்கை செஞ்ச வேலை இல்லை. யார் செஞ்சது? வாங்க, பின்னாடி போவோம்.

6) 1798-ல் ஜான் ஃபேர்ன் என்ற பிரிட்டிஷ் கப்பல் கேப்டன் இந்தத் தீவைப் பார்க்கிறார். பச்சைப் பசேல்னு இருந்ததால 'இனிய தீவு'ன்னு பேர் வைக்கிறார். அப்போ அந்த மக்களின் சாப்பாடு மீன், தேங்காய், தாழம்பழம். தீவின் நடுவே புவாடா என்ற சிறிய ஏரி. கடலில் பிடித்த பால்கெண்டை மீன் குஞ்சுகளைக் கொண்டு வந்து அதில் விட்டு வளர்த்தாங்க. பசிபிக் நடுவுல, நூற்றாண்டுகளுக்கு முன்பே மீன் பண்ணை!

7) அப்புறம் வெள்ளைக்காரக் கப்பல்களோட சாராயமும் துப்பாக்கியும் வந்துச்சு. 1878-ல் குலங்களுக்கு இடையே சண்டை மூண்டு பத்து வருஷம் நடந்தது. 1888-ல் ஜெர்மனி தீவை எடுத்துக்கிட்டது.

8) திருப்பம் இனிமேல்தான். சிட்னியில் ஒரு வியாபாரக் கம்பெனி ஆபீஸ். கதவு சாத்திக்காம இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வச்சிருந்தாங்க. நவூருவில் இருந்து வந்த கல். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்கு அந்தக் கல் மேல சந்தேகம். சோதிச்சுப் பார்த்தா உயர்தர பாஸ்பேட்! வருஷம் 1900.

9) பாஸ்பேட்னா என்ன? நாம வயலுக்குப் போடுற சூப்பர் பாஸ்பேட் உரத்தோட மூலப்பொருள். லட்சக்கணக்கான வருஷமா கடற்பறவைகள் போட்ட எச்சம் இறுகி உருவானதுன்னு பொதுவா சொல்லப்படும் விளக்கம். அது சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்கு இடையே நிரம்பி, மேலே மண்ணும் மரமுமா இருந்தது. நவூரு மக்கள் காலடியில் இருந்த அந்த மண்ணே சரக்காயிடுச்சு.

10) சில வருஷத்துல தோண்ட ஆரம்பிச்சாங்க. நிலத்துக்காரருக்கு ஆரம்பத்தில் கிடைச்சது டன்னுக்கு அரைப் பென்னி. முதல் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து தீவு கைமாறுது. 1919-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூணு நாடும் பங்கு போட்டுக்கிட்டு, நவூரு பாஸ்பேட்டை உலகச் சந்தை விலைக்கு இல்லாம, அடக்க விலைக்கே தங்கள் விவசாயிகளுக்குக் கொண்டு போனாங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் செழிச்சதுல இந்தக் குட்டித் தீவுக்குப் பெரிய பங்கு இருக்கு.

11) கப்பல்ல நோயும் வந்துச்சு. 1920-ல் வந்த இன்ஃப்ளூயன்ஸா, நவூரு மக்களில் சுமார் 18 சதவீதம் பேரைக் கொன்றது. அதாவது ஆறு பேருக்கு ஒருத்தர். 1,500 பேராவது இருந்தாத்தான் இனம் பிழைக்கும்னு அன்னைக்கு ஒரு கணக்கு இருந்தது. 1932 அக்டோபர் 26-ல் 1,500-வது ஆள் பிறந்தார். ஒரு குழந்தை. அந்த நாளை 'அங்காம்' என்று இன்னைக்கும் கொண்டாடுறாங்க. வீடு திரும்புதல்னு அர்த்தம். ஒரு குழந்தை பிறந்ததுக்கு நாடே லீவு விடுறது எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

12) ஆனா அந்த எண்ணிக்கை நிக்கல. 1942-ல் ஜப்பான் படை இறங்குது. விமான ஓடுதளம் போட மக்களைக் கட்டாய வேலை வாங்குது. 1943-ல் தீவில் இருந்த 39 தொழுநோயாளிகளைப் படகில் ஏற்றி, நடுக்கடலுக்கு இழுத்துப் போய் மூழ்கடித்தார்கள். ஒரு மருத்துவரா இந்த வரியை டைப் பண்றதே கஷ்டமா இருக்கு.

13) அதே வருஷம் சுமார் 1,200 பேரை ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தினாங்க. பட்டினி, நோய், வேலை. 1946 ஜனவரி 31-ல் திரும்பி வந்தது 737 பேர். 1,500 என்ற எண்ணை மறுபடி தொட 1949 ஆச்சு. ரீல்ஸ்ல 'தின்னே அழிஞ்சவங்க'ன்னு சொன்னது இவங்க பிள்ளைகளைத்தான்.

14) 1960-களில் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொல்லுது. "உங்க தீவு எப்படியும் முடிஞ்சுடும். குவீன்ஸ்லாந்து பக்கம் கர்டிஸ் தீவு இருக்கு, எல்லாரும் அங்க வந்துடுங்க." தனி மக்களா, தனி நாடா இருக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் 1964-ல் நவூரு மறுத்துடுச்சு. 1968-ல் சுதந்திரம். தேதி? ஜனவரி 31. அந்த 737 பேர் திரும்பி வந்த அதே நாளைத் தேர்ந்தெடுத்தாங்க. முதல் குடியரசுத் தலைவர் ஹாமர் டிரோபர்ட்.

15) சுரங்கத்தைச் சும்மா கொடுக்கல. 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் தங்கள் மண்ணைத் தாங்களே விலைக்கு வாங்கினாங்க. 1970-களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடு. வருமான வரி இல்லை, மருத்துவம் இலவசம். சொந்த விமான நிறுவனம். மெல்போர்ன் நகரத்துல 52 மாடிக் கட்டடம். ரீல்ஸ் காட்டுற காலம் இதுதான்.

16) இந்தச் சமயத்துலதான் மருத்துவ உலகம் நவூருவைத் திரும்பிப் பார்த்தது. 1975-ல் பால் ஜிம்மெட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரின் குழு அங்கே ரத்தப் பரிசோதனை நடத்துது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 34 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்! மூணுல ஒருத்தர். உலகமே அதிர்ந்த எண் அது.

17) ஏன்? உடனே கிடைச்ச பதில், 'சிக்கன மரபணு'. 1962-ல் ஜேம்ஸ் நீல் சொன்ன கருதுகோள். பஞ்சத்தில் பிழைச்சவங்க உடம்பு, கிடைச்சதைக் கொழுப்பா சேமிக்கப் பழகியது. சாப்பாடு தாராளமா கிடைக்கும்போது அதே குணம் வினையாகுது. நவூரு இதுக்குப் பொருத்தமான உதாரணமா பேசப்பட்டது. அந்தக் கருதுகோள் மேல விவாதம் இன்னும் ஓயல.

18) மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம், மறுக்கல. ஆனா ஒரு தலைமுறைக்குள்ள மரபணு மாறாது. மாறினது என்ன? தட்டு. தென்னையும் தாழையும் நின்ன நிலம் கப்பலேறிப் போச்சு. பதிலுக்குக் கப்பல்ல வந்தது வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை, டின்னில் அடைத்த மாட்டுக்கறி, கொழுப்பு மிகுந்த ஆட்டு இறைச்சி, குளிர்பானம். பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சரக்கு. தங்கள் மண் உரமாப் போன நாடுகளில் இருந்தே சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டாங்க.

19) "காய்கறி சாப்பிடுங்க, மேயாதீங்க, நடங்க"ன்னு அங்க ஒரு டாக்டர் சொல்றார்னு வைங்க. காய்கறி எங்க விளையும்? பாறைத் தூணிலா? விமானத்திலும் கப்பலிலும் வர்ற கீரையின் விலை என்ன, டின் கறியின் விலை என்ன? நோயாளியின் வாயை மட்டும் குறை சொல்ற வைத்தியம் இங்கதான் தோற்குது.

20) தப்பே அவங்க மேல இல்லையான்னு கேட்டா, இருக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் மிச்ச நிலத்தைத் தோண்டினது அவங்க அரசேதான். நூறு கோடி டாலருக்கு மேல் இருந்த எதிர்கால நிதி தப்பான முதலீடுகளில் கரைஞ்சது. 1993-ல் லண்டனில் லியனார்டோ டாவின்சி பற்றி ஒரு இசை நாடகத்துக்குப் பணம் போட்டு, அதுவும் ஊத்திக்கிச்சு. மெல்போர்ன் கட்டடம் 2004-ல் கைவிட்டுப் போச்சு. அடுத்த வருஷம், மிச்சமிருந்த ஒரே விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துட்டுப் போனாங்க.

21) ஒரு நல்ல விஷயமும் நடந்தது. 1989-ல் நவூரு, ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. "சுதந்திரத்துக்கு முன்னாடி நீங்க தோண்டின நிலத்தைச் சீர் செஞ்சு கொடுங்க." 1993-ல் ஆஸ்திரேலியா 10.7 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டு சமாதானமாச்சு. ஆனா பாறை பாறையாத்தான் இருக்கு. மண்ணு திரும்பி வரல.

22) கஜானா காலியானதும் 2001-ல் ஆஸ்திரேலியா வேறொரு வியாபாரத்தோட வந்தது. படகில் தஞ்சம் தேடி வர்றவங்களை எங்க மண்ணுக்கு வெளியே வச்சிருக்க இடம் கொடு, பணம் தர்றோம். அந்த முகாமில் நம்மவர்களும் இருந்தாங்க. 2007-ல் 80-க்கும் மேற்பட்ட இலங்கையர்கள் அங்கே கொண்டு போகப்பட்டாங்க, பெரும்பாலானவர்கள் தமிழர்கள்.

23) சரி, நோய்க்கு என்ன செஞ்சாங்க? 2007-லேயே இறக்குமதியாகும் சர்க்கரைக்கும் இனிப்புப் பானங்களுக்கும் கூடுதல் வரி போட்டாங்க. நல்ல முடிவுதான். ஆனா கால் புண், கண் விழித்திரை, சிறுநீரகம் மூணும் இன்னைக்கும் அந்த நாட்டு மருத்துவமனையின் பெரிய சுமை. பெரிய சிகிச்சைன்னா வெளிநாட்டுக்குத்தான் அனுப்பணும்.

24) இதை ஏன் இப்போ எழுதறேன்? போன மாசம் ஓபியில் ஒரு அம்மா. 55 வயசு இருக்கும். சாப்பிடாம பார்த்த சர்க்கரை 280. வழக்கம் போல, "வாயைக் கட்டவே மாட்டீங்களாம்மா?"ன்னு கத்திட்டேன். அவங்க கோபப்படல. "கம்பும் சோளமும் போட்ட நிலம் இப்ப பிளாட்டு கல்லு நட்டிருக்கு சார். கடையில கம்பு என்ன விலைன்னு நீங்க கேட்டிருக்கீங்களா?"ன்னாங்க. நான் கேட்டதில்லை.

25) 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் சுமார் 14 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாம நவூரு இல்லை. நமக்கு இன்னும் நிலம் இருக்கு, கீரை இருக்கு, பயறு இருக்கு. ஆனா எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் "ஜனங்களுக்கு நாக்கு அடங்கல"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா, நாமும் அந்த ரீல்ஸ் எடுத்தவர் மாதிரிதான்.

26) அந்த அம்மாவுக்கு அன்னைக்கு மாத்தி எழுதினேன். ரேஷன் அரிசிதான்னா பரவாயில்லை, அளவைப் பாதியாக்குங்க. கூட ஒரு கைப்பிடி பயறு, கொல்லைப்புறக் கீரை, முடிஞ்சா ஒரு முட்டை. டீயில் சர்க்கரை வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதீங்க. ராத்திரி படுக்கும் முன்னாடி பாதத்தைப் பாருங்க. இந்த மாசம் வந்தாங்க, 190. இன்னும் குறையணும். குறையும்.

27) 30 வயசு தாண்டினவங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு தடவை சர்க்கரை பார்த்துடுங்க, காசு கிடையாது. அந்த ரீல்ஸ் உங்களுக்கும் வந்தா, அனுப்பினவங்களுக்கு இந்த த்ரெட்டைத் திருப்பி அனுப்புங்க.

நாளைக்கு ஓபி இருக்கு, கமெண்டுக்கு ராத்திரி பதில் சொல்றேன்.